2015 தனுசு நோவா: ஜூனில் மங்கியது தூசியால்தான்

வி5668 தனுசு 2015-இல் வெடித்த நோவா, அதாவது திடீரென வெடித்துப் பிரகாசமான விண்மீன். அதன் ஒளியை நாள்வாரியாகக் குறித்த உங்கள் வரைபடத்தில் ஜூன் மாதம் வந்த சரிவு அளவீட்டுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழை இல்லை. வெடித்து ஏறக்குறைய 80 நாளில் அதில் தூசி உருவாகி ஒளியை மறைத்தது.

"அவ்வளவு வெப்பத்தில் தூசித் துகள் எப்படித் தப்பும்?" என்ற கேள்வி நியாயமானது. கரித்தூசி திரள வாயு சுமார் 1500 கெல்வின் அளவுக்குக் குளிர வேண்டும். வெடிப்பின் மையத்தில் உள்ள வெள்ளைக் குள்ளனின் (எரிந்து முடிந்த விண்மீனின் சூடான, அடர்ந்த கரு) புற ஊதாக் கதிர் அதற்கு எதிரி. முதலில் மெதுவாக வெளியேறிய வாயுவில், பின்னால் வந்த வேகமான வாயு மோதியதே தூசி தப்பியதற்குப் பெரும்பாலும் காரணம். மோதல் அதிர்ச்சியில் சூடேறும் வாயு வேகமாக ஆறி, அடர்ந்த மெல்லிய ஓடாக இறுகுகிறது. அந்த அடர்த்திதான் உள்ளிருக்கும் துகள்களுக்குக் கவசம். எனக்கு இதில் மிகப் பிடித்த இடமே இதுதான்: வன்முறையான மோதலே குளிர்ந்த புகலிடத்தையும் உண்டாக்குகிறது.

சரிபார்க்க, அதே நாட்களின் அகச்சிவப்பு அளவீடுகளை, குறிப்பாக கே பட்டை எனப்படும் அகச்சிவப்பு அலைநீளப் பகுதியை, அதே வரைபடத்தின் மேல் வரைந்து பாருங்கள். ஒளியை மறைக்கும் தூசி அதனால் சூடேறி அகச்சிவப்பில் ஒளிரும்; ஆகவே கண்ணுக்குத் தெரியும் ஒளி விழும்போது அகச்சிவப்பு ஏறினால் தூசிதான்.

ஒன்று கவனம்: பிறகு ஒளி மீண்டதால் தூசி அழிந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஓடு விரிந்து மெலிந்தாலும் அப்படித்தான் தெரியும்.