விரல் மரத்திருக்கும்போது பாசிக்குப் போகலாமா?

கேள்வி: பாம்பனில் கடல்பாசி எடுக்கும் என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். 'குரோமோசோம்களைச் சரியாகப் பிரியவிடாத மருந்து' என்றார் டாக்டர். பிரியாவிட்டால் செல் ஏன் சாக வேண்டும்? விரல் நுனி மரக்கிறது என்கிறார் அம்மா. கடலில் இறங்கலாமா?

பதில்: இறங்க வேண்டாம். காரணம் உங்கள் முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

மனித செல்லில் மரபுச் செய்தியைத் தாங்கும் 46 குரோமோசோம்கள். செல் இரண்டாகும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் உருவாகும். இரண்டும் விலகாதபடி கொஹீசின் என்ற புரதம் வளையம் போலக் கட்டி வைத்திருக்கும். கரைவலையின் இரு கயிற்றிலும் ஆள் நின்ற பிறகே இழுவை தொடங்குவது போல, குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகள் இரு பக்கமும் பிடித்த பிறகே செபரேஸ் என்ற நொதி அந்தக் கட்டை அறுக்கும். மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றில் செபரேஸ் அளவுக்கு மீறி இருக்கிறது. கட்டு அகாலத்தில் அறுந்தால் குரோமோசோம் கணக்குத் தப்பும்.

கணக்குத் தப்பிய செல் தானே மடிந்துவிடுவதுதான் உடம்பின் ஒழுங்கு. அதற்கென்றே காஸ்பேஸ் என்ற நொதிகள் உள்ளன. எத்தனை முறை படித்தாலும் நான் வியக்கும் இடம் இது: சாகும் செல்லில் காஸ்பேஸ்களும் கொஹீசினின் ஓர் உறுப்பான ராட்21 புரதத்தையே வெட்டுகின்றன, வெட்டுண்ட துண்டு சாவை இன்னும் விரைவுபடுத்துகிறது. புற்றுச் செல்லோ கணக்குத் தப்பியும் சாகாமல் பெருகுகிறது.

பாக்லிடாக்சல் அந்த நுண்ணிழைகளை நீளவும் குறுகவும் விடாமல் இறுக்கிவிடும். செல் பாதிப் பிரிவில் நின்று மடியும். அல்லது பல திசைகளில் இழுபட்டு, பிழைக்க முடியாத அரைகுறைச் செல்களாகச் சிதறும்.

நரம்புக்குள் சத்துகள் பயணிக்கும் பாதையும் இதே இழைகள்தான். மிக நீளமான நரம்புகள் போய்ச் சேரும் கால்விரல், கைவிரல் நுனிகளில் மரத்தல் முதலில் தெரிவது அதனால்தான். இந்த மருந்தால் எலும்பு மஜ்ஜையில் உருவாகும், கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களும் குறையும். பாசிக்குப் போகும் பெண்களின் கையைப் பார்த்திருப்பீர்கள்: விரலுக்கு விரல் துணி சுற்றியும் பாறையில் உரசி நுனி கிழிந்திருக்கும். உங்கள் அம்மாவுக்கு இப்போது கிழிந்ததே தெரியாது; சீழ் பிடித்தால் எதிர்க்கும் வலுவும் குறைவு.

ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், இடைவெளி விடுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மணலில் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைக் கஷாயம் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அதிலிருந்து புற்றுநோய் மருந்துகள் பிரித்தெடுக்கப்படுவது உண்மை. அவையும் இதே இழைகளைத்தான் தாக்குகின்றன. அளவு தெரியாத கஷாயம் நரம்பையும் மஜ்ஜையையும் இரட்டிப்பாகக் கெடுக்கும்.

மரத்தல் பலருக்குச் சிகிச்சை முடிந்து சில மாதங்களில் குறையும், சிலருக்குத் தங்கிவிடும். மறுபடி கடலில் இறங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரின் சம்மதம் பெறுங்கள். அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தப் பக்கக் கைக்கு உறுதியான கையுறை இல்லாமல் எப்போதுமே பாசி பிய்க்க வேண்டாம்.