டோன் ஆர்ம், டீலர்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

டர்ன்டேபிளில் ஊசியுள்ள கார்ட்ரிட்ஜைத் தாங்கி இசைத்தட்டின் மேல் நகரும் கைதான் டோன் ஆர்ம். அதைப் பற்றியும், அதை விற்கும் டீலர்களைப் பற்றியும் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன். விலை விவரம் கேட்டவர்கள் மன்னிக்கவும். இன்று எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும். எந்தக் கடையோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது, கடையில் பொருள் வாங்கியதைத் தவிர.

கேள்வி (சென்னை): சார், என்னிடம் இருப்பது ரேகா டர்ன்டேபிள், ஆர்பி330 ஆர்ம், ஆர்டோஃபோன் 2எம் புளூ கார்ட்ரிட்ஜ். எஸ்எம்இ சீரீஸ் ஃபைவ் ஆர்முக்கு மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். உங்கள் செட்டில் ஆர்ம் தடையாக இல்லை. 1983இல் ரேகா ஆர்பி300 வந்தபோது அது செய்த புரட்சியே, ஹெட்ஷெல்லிலிருந்து (கார்ட்ரிட்ஜை மாட்டும் முனை) பேரிங் வரை குழாயை ஒரே வார்ப்பு அலுமினியமாகக் கொடுத்ததுதான். அதுவரை அப்படிப்பட்ட விறைப்பு விலை கூடிய ஆர்ம்களில்தான் கிடைத்தது. ஆர்பி330 அதன் வாரிசு. எஸ்எம்இ ஃபைவ் இதே யோசனையை மக்னீசியத்தில், இன்னும் நுணுக்கமான பேரிங்கோடும் அதிர்வை அடக்கும் சிலிகோன் எண்ணெய்த் தொட்டியோடும் செய்தது. நல்ல மூவிங் காயில் (ஊசியோடு கம்பிச் சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் போட்டால் அதன் அருமை தெரியும். 2எம் புளூவுக்கு அது அதிகம்.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. தட்டின் நடு அச்சிலிருந்து ஆர்மின் சுழல்புள்ளிக்கு ரேகாவில் 222 மி.மீ., எஸ்எம்இயில் 215.4 மி.மீ. எஸ்எம்இயின் நகரும் அடித்தட்டுக்கு நீள்வட்டமாக வெட்டிய துளை வேண்டும், ரேகாவுக்கு வட்டத் துளை. அதோடு, 2019 கடைசியில் எஸ்எம்இ தன் ஆர்ம்களைத் தனியாக விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே நீங்கள் பெரும்பாலும் பழைய பொருள் சந்தையில்தான் தேட வேண்டியிருக்கும். (2016இல் எஸ்எம்இயை வாங்கியது இந்தியத் தொழிலதிபர் ஒருவரின் குழுமம். அதனால் இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கனவு காண வேண்டாம்.)

கையில் பணம் இருந்தால் முதலில் கார்ட்ரிட்ஜையும் ஃபோனோ ஸ்டேஜையும் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய சைகையைப் பெருக்கும் கருவி) உயர்த்துங்கள்.

கேள்வி (கோவை, பொறியியல் மாணவர்): அண்ணா, ஆர்முக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் "மேட்சிங்" வேண்டும் என்கிறார்களே, அது கணக்கா, நம்பிக்கையா?

பதில்: சுத்தமான கணக்கு தம்பி. ஊசியைத் தாங்கும் ரப்பர் ஒரு ஸ்பிரிங். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் அதன் மேல் தொங்கும் நிறை. இரண்டும் சேர்ந்தால் ஓர் ஒத்ததிர்வு வரும். அது எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 நொடி எடுக்கிறது, அதாவது 0.56 ஹெர்ட்ஸ். தட்டு வளைந்திருந்தால் அந்த மேடு பள்ளங்கள் அங்கிருந்து சில ஹெர்ட்ஸ் வரை ஊசியை ஆட்டும். மறுபக்கம் இசை 20 ஹெர்ட்ஸ் அருகே தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் ஒத்ததிர்வு விழுந்தால் நிம்மதி.

ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசி முனையில் உணரப்படும் ஆர்மின் நிறை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகு எடை மூன்றையும் கிராமில் கூட்டு. கம்ப்ளையன்ஸால் (அந்த ரப்பர் எவ்வளவு நெகிழ்கிறது என்ற எண்) பெருக்கு. வர்க்கமூலம் எடுத்து 159ஐ அதால் வகு. 11 கிராம் ஆர்மில் 2எம் புளூ: 11 + 7.2 + 0.5 = 18.7. கம்ப்ளையன்ஸ் 20. விடை 8.2 ஹெர்ட்ஸ். சரியாக இருக்கிறது. அதே கார்ட்ரிட்ஜை 20 கிராம் ஆர்மில் போட்டால் 6.8க்கு இறங்கிவிடும். வளைந்த தட்டில் ஸ்பீக்கர் கூம்பு உள்ளே வெளியே போய்வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஒரு பொறி இருக்கிறது. ஜப்பான் கம்பெனிகள் பல, கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து எழுதும். டெனான் டிஎல்-103க்கு 5 என்று போட்டிருப்பது அப்படித்தான். 10 ஹெர்ட்ஸ் கணக்குக்கு அதை ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள். இதைக் கவனிக்காமல்தான் "டிஎல்-103க்கு இரும்புக் கம்பி மாதிரி ஆர்ம் வேண்டும்" என்ற பேச்சு பரவிக் கிடக்கிறது. இரண்டு மடங்கு என்று வைத்தால், 8.5 கிராம் எடையுள்ள அது 10 கிராம் ஆர்மிலேயே சுமார் 11.5 ஹெர்ட்ஸ் தருகிறது.

கேள்வி (மதுரை): அண்ணே, 12 இன்ச் ஆர்ம்தான் உண்மையான ஹை-எண்டு என்கிறார்கள். 9 இன்ச்சை விற்றுவிடலாமா?

பதில்: பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். தட்டை வெட்டும் இயந்திரம் நேர்கோட்டில் போகிறது, நம் ஆர்ம் வில்போல வளைந்து போகிறது. அதனால் வரும் கோணப் பிழை 9 இன்ச்சில் அதிகபட்சம் சுமார் 2 டிகிரி, 12 இன்ச்சில் சுமார் 1.5. லாபம் அவ்வளவுதான். ஹெட்ஷெல்லின் வளைவுக் கோணம் குறைவதால் உள்நோக்கி இழுக்கும் ஸ்கேட்டிங் விசையும் கொஞ்சம் குறையும். பதிலுக்கு நிறை கூடும், குழாயின் விறைப்பு குறையும், பெரிய பிளின்த் (டர்ன்டேபிளின் அடிப்பெட்டி) வேண்டும். ஊசியை அரை மில்லிமீட்டர் தப்பாகப் பொருத்தினால் அந்த அரை டிகிரி லாபமும் போயிற்று. கனமான, நெகிழ்வு குறைந்த ஆர்டோஃபோன் எஸ்பியு மாதிரி கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு 12 இன்ச் பொருந்தும். மற்றவர்கள் நல்ல 9 இன்ச்சோடு இருங்கள்.

கேள்வி (டொராண்டோ): அண்ணை, இங்கை ஒருவர் பழைய எஸ்எம்இ 3009 விற்கிறார். வாங்கலாமோ? என்னத்தைப் பார்க்க வேணும்?

பதில்: வாங்கலாம், கையால் தொட்டுப் பார்த்த பிறகு. பின் எடையைத் தாங்கும் ரப்பர் இணைப்பு வயதாகித் தொங்கியிருக்கும், பின்பக்கம் வால் தாழ்ந்ததுபோலத் தெரியும். ரப்பரை மாற்றலாம், அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்கேட்டிங்கைத் தடுக்கும் நூலும் குட்டி எடையும் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் தொலைந்திருக்கும். பிறகு ஊசி அழுத்தத்தைச் சுழியாக்கி ஆர்மை மிதக்க விடுங்கள். மெல்ல ஊதினால் தயங்காமல் நகர வேண்டும், ஓரிடத்தில் சிக்கி நிற்கக் கூடாது. இது கத்திமுனை பேரிங், முனை தேய்ந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். சீரீஸ் 3 என்றால் வேறு கதை: எஃபெக்டிவ் மாஸ் 5 கிராம்தான், நெகிழ்வு மிகுந்த பழைய கார்ட்ரிட்ஜ்களுக்காகச் செய்தது.

பழைய ஜெல்கோ ஆர்ம் கிடைத்தாலும் விட்டுவிடாதீர்கள். பல பெரிய பிராண்டுகளுக்குப் பின்னால் நின்று ஆர்ம் செய்துகொடுத்த அந்த ஜப்பான் கம்பெனி 2020இல் மூடிவிட்டது. உதிரிபாகம் கிடைப்பது இனி கடினம், அதை மனதில் வையுங்கள்.

கேள்வி (பெங்களூரு): யூனிபிவட், குஸ்மா 4பாயின்ட், லீனியர் டிராக்கிங். உங்கள் ஓட்டு எதற்கு?

பதில்: 4பாயின்ட்டுக்கு. யூனிபிவட் என்பது ஒரே முனையில் நிற்பது. உராய்வு மிகக் குறைவு, பாட்டில் ஒரு தளர்ச்சியான சுகம் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் ஆடும். கிரஹாம் கம்பெனி தன் ஃபேன்டம் ஆர்மில் காந்தம் வைத்து அந்த ஆட்டத்தை அடக்கியது. ஸ்லோவேனியாவின் ஃபிராங்க் குஸ்மா நான்கு முனைகளைக் கொடுத்து, மேல் கீழ் அசைவுக்கு இரண்டு, பக்கவாட்டுக்கு இரண்டு என்று பிரித்தார். உராய்வும் குறைவு, ஆட்டமும் இல்லை. உயரம், கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டுச் சாய்வு எல்லாவற்றையும் அளந்து திருப்பலாம். எஸ்எம்இ ஃபைவில் அந்தச் சாய்வைத் திருத்த வழியே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். காற்றில் மிதந்து நேர்கோட்டில் போகும் ஏர் பேரிங் லீனியர் ஆர்ம் கேட்க அற்புதம். கம்ப்ரெஸரையும் அதன் சத்தத்தையும் வைக்க இன்னொரு அறை இருந்தால் பேசலாம்.

கேள்வி (திருச்சி): ஒவ்வொரு தட்டுக்கும் ஆர்ம் உயரத்தை மாற்ற வேண்டுமா?

பதில்: 9 இன்ச் ஆர்மில் ஊசியின் கோணம் ஒரு டிகிரி மாற, பின்பக்கம் 4 மி.மீ. ஏற வேண்டும். 120 கிராம் தட்டுக்கும் 180 கிராம் தட்டுக்கும் தடிமன் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. உட்கார்ந்து பாட்டைக் கேளுங்கள்.

கேள்வி (காரைக்குடி): தாத்தாவின் 78 சுழற்சி கர்நாடக இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரே ஆர்மில் அதையும் எல்பியையும் போட முடியுமா?

பதில்: முடியும், ஹெட்ஷெல் கழற்றக்கூடிய ஆர்ம் வாங்குங்கள். எல்பி ஊசி முனை 18 மைக்ரான் அளவு, 78க்கு 65 முதல் 70 வரை வேண்டும். சின்ன ஊசி அந்தப் பெரிய பள்ளத்தின் அடியில் உருண்டு தூசியைத்தான் பாடும். இரண்டு ஹெட்ஷெல்லில் இரண்டு கார்ட்ரிட்ஜ் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200இன் எஸ் வடிவ ஆர்ம் இதற்குத் தோதானது, புதிய மாடல்களில் 78 வேகமும் இருக்கிறது. இங்கே இரண்டு லட்ச ரூபாய் ஆர்ம் எதுவும் உதவாது.

கேள்வி (சிங்கப்பூர்): அடெல்ஃபியில் ஒரே கட்டடத்துக்குள் இத்தனை ஹை-ஃபை கடைகள். நல்ல டீலரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. கோல்மன் தெருவில் ஒரு மதியம் சுற்றினால் நாங்கள் ஒரு வருடம் அலைந்து கேட்பதைக் கேட்டுவிடலாம்.

முதல் ஐந்து நிமிடத்தில் யார் கேள்வி கேட்கிறார் என்று பாருங்கள். என்ன டர்ன்டேபிள், என்ன கார்ட்ரிட்ஜ், ஃபோனோ ஸ்டேஜ் எது, அறை எவ்வளவு பெரிது, என்ன பாட்டு கேட்பீர்கள் என்று அவர் கேட்டால் உட்காருங்கள். "இதுதான் சார் இப்போ டாப்" என்று தொடங்கினால் காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து, ஒப்பிடும் முறை. இரண்டு ஆர்மை ஒப்பிட, ஒரே டர்ன்டேபிள், ஒரே கார்ட்ரிட்ஜ், ஒரே தட்டு, ஒரே ஒலியளவு வேண்டும். அரை டெசிபெல் கூடினாலே காது "இது மேல்" என்று சொல்லிவிடும். ஒரு கடையில் எனக்கு "பெரிய ஆர்ம், சின்ன ஆர்ம்" ஒப்பீடு காட்டினார்கள். பெரியதில் போட்டிருந்த கார்ட்ரிட்ஜின் விலை சின்ன ஆர்மின் விலையைவிட அதிகம்! கேட்டதற்கு, "அதற்கு இதுதான் சார் பொருத்தம்" என்று பதில். பெயர் வேண்டாம். ஒழுங்கான ஒப்பீட்டுக்கு நேரம் எடுக்கும், கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாட்டி அளந்து வைக்க வேண்டும். அந்தச் சிரமத்தை எடுப்பவர்தான் வாங்கிய பிறகும் வீட்டுக்கு வருவார். எழுபதுகளில் லின் கம்பெனி, கேட்கும் அறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும் என்று டீலர்களிடம் பிடிவாதம் பிடித்தது. காரணத்தை ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட, கவனமாகக் கேட்க வைக்கும் அந்த ஒழுங்கை மெச்சினார்கள்.

உங்கள் தட்டு இரண்டைக் கொண்டுபோங்கள். அதில் ஒன்று கொஞ்சம் வளைந்ததாக இருக்கட்டும். கடையின் டெமோ தட்டில் எல்லா ஆர்மும் நன்றாகத்தான் பாடும்.

பில் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: பொருத்திக் கொடுப்பது விலையில் சேர்த்தியா, பொருத்தும்போது கார்ட்ரிட்ஜ் உடைந்தால் யார் பொறுப்பு, பழைய ஆர்மை எடுத்துக்கொள்வாரா. கார்ட்ரிட்ஜை ஒருமுறை மாட்டிவிட்டால் பெரும்பாலோர் திரும்ப வாங்க மாட்டார்கள், அதில் சண்டை போட்டுப் பயனில்லை.

கேள்வி (சேலம்): எங்கள் ஊரில் அப்படி டீலரே கிடையாது. வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால்?

பதில்: வரவழைக்கலாம். ஆனால் பல பிராண்டுகளின் வாரண்டி, அந்தந்த நாட்டு அங்கீகார டீலரிடம் வாங்கினால்தான் செல்லும். ஆர்டருக்கு முன் தயாரிப்பாளருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்தியாவில் அவர்களின் ஏஜென்ட் யார் என்று கேளுங்கள். இங்கே பல நல்ல ஆட்களுக்குப் பெரிய ஷோரூம் இருக்காது. முன்கூட்டி நேரம் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டு மாடியில் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அதைப் பார்த்துத் தயங்காதீர்கள். சென்னைக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, தப்பான ஆர்மைத் திருப்பி அனுப்புவதைவிட மலிவு.

கேள்வி (சேலத்துக்காரரே மறுபடி): சரி, டீலர் செட் செய்து கொடுத்தது சரியா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது?

பதில்: ஒரு டிஜிட்டல் தராசு, ஒரு சின்னக் கண்ணாடி, ஒரு புரொட்ராக்டர் (கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்கும் அட்டை) போதும். அழுத்தத்தைத் தராசில் பாருங்கள், 2எம் புளூவுக்கு 1.8 கிராம். கண்ணாடி மேல் ஊசியை இறக்கினால் கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் நேராக நிற்க வேண்டும். பொதுவான புரொட்ராக்டரில் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்க வேண்டிய இரண்டு புள்ளிகள், மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ. ஆனால் ரேகாவும் டெக்னிக்ஸும் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. அவற்றுக்கு அந்தக் கம்பெனியின் புரொட்ராக்டரையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் டீலர்மேல் வீணாகச் சந்தேகம் வரும்.

ஸ்கேட்டிங் சரியா என்று பார்க்க, பள்ளமில்லாத மொட்டைத் தட்டில் ஊசியை வைக்கும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, பள்ளத்தின் உராய்வு வேறு. தட்டின் கடைசிப் பாட்டில் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தைக் கேளுங்கள். வலது ஸ்பீக்கர் முதலில் கரகரத்தால் ஆன்டி-ஸ்கேட் (ஸ்கேட்டிங்குக்கு எதிராக ஆர்மை வெளியே இழுக்கும் அமைப்பு) போதவில்லை, கொஞ்சம் ஏற்றுங்கள். இடது கரகரத்தால் குறையுங்கள். இரண்டும் சேர்ந்து கரகரத்தால் அழுத்தத்தையும் ஊசியில் ஒட்டிய அழுக்கையும் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால்தான் டீலருக்குப் போன் போட வேண்டும்.