கன்சோல் கேம் பேக்கப்: வெர்ஷன் நம்பரையும் குறித்துவைக்க வேண்டுமா, சேவ் மட்டும் இருந்தால் போதாதா?

குறித்துவைக்க வேண்டும். (சேவ் என்பது எதுவரை விளையாடினோம் என்று கேம் பதிந்துவைக்கும் கோப்பு.) கடைசி அப்டேட் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிஎஸ்4 (ப்ளேஸ்டேஷன் 4) என்றால் போதும், பிஎஸ்3 என்றால் பெரும்பாலும் போதாது. அவசரக்காரர்கள் இத்தோடு போய்விடலாம். "நம்பரெல்லாம் யார் பார்த்துக்கொண்டிருப்பது" என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்ததும்தான் எனக்குக் கை பரபரத்தது, ஏனென்றால் 2022 ஏப்ரல் வரைக்கும் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வர்த் பகுதி. அப்போது பையனுக்குப் பதினைந்து வயது, வீட்டில் ஒரு பழைய பிஎஸ்3. (புதுசு ஏன் வாங்கித்தரவில்லை என்று கேட்பவர்கள் இங்கே விலையை ஒருமுறை பார்த்துவிட்டு வரவும்.) லோட் ஷெட்டிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முடிந்து கரண்ட் திரும்பி வந்த ஒரு நாள் அதன் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அது பெரிய விஷயமில்லை, பிஎஸ்3-க்கு லேப்டாப்பில் போடுகிற இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கே போதும். பழைய லேப்டாப் ஒன்றைப் பிரித்து எடுத்து மாட்டினேன், ஆபீஸில் இறக்கிவந்த ஃபர்ம்வேரை (பிஎஸ்3-ஐ இயக்கும் மென்பொருள்) பென்டிரைவ் வழியாக ஏற்றினேன். பையனின் சேவ் எல்லாம் வாராவாரம் வேறொரு பென்டிரைவில் எடுத்துவைத்திருந்தேன். கேம் எங்கே போகப் போகிறது, கடையில் வாங்கிய கேம் டிஸ்க் கையில் இருக்கிறதே என்று ஒரே பெருமை எனக்கு.

மறுநாள் மழை. அந்த ஏப்ரல் வெள்ளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் மாகாணமான குவாசுலு-நடாலில் நானூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள், கேமுக்காக அழுதோம் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் சுவர் ஊறியதோடு போயிற்று. நெட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, கரண்ட் மட்டும் இருந்தது. பையன் கேம் டிஸ்க்கைப் போட்டு, சேவ் கோப்பைத் திறந்தான். "சேவ் டேட்டா சிதைந்துள்ளது" என்று வந்தது. பென்டிரைவைப் பிடுங்கிச் சொருகினோம், மறுபடி காப்பி செய்தோம், அதேதான். சரி, பென்டிரைவ் செத்துவிட்டது என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் இன்சூரன்ஸுக்குச் சுவர் போட்டோக்களைக் கொடுக்க ஒரு பென்டிரைவ் தேவைப்பட்டது. எப்படியும் குப்பைதானே என்று அதையே ஃபார்மேட் அடித்தேன்.

தண்ணீர் லாரி வரிசையில் ஆளுக்கு இரண்டு வாளியோடு நின்றுகொண்டிருந்தபோது பையன் மெதுவாகக் கேட்டான். "அப்பா, டிஸ்க்ல இருக்கிறது 1.00 வெர்ஷன் தானே? நான் விளையாடினது 1.06. அதனால இருக்குமோ?" நான் பதில் சொல்லவில்லை. வாளியை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தேன்.

நெட் வந்ததும் கேம் தானாகவே அப்டேட் கேட்டது. (நெட் இல்லாவிட்டால் பிஎஸ்3 கேட்காது, அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது.) 1.01-லிருந்து ஒவ்வொன்றாக இறங்கி 1.06 வந்தது. என் லேப்டாப்பின் மூலையில் ஆறு மாதத்துக்கு முந்தைய சேவ் ஒன்று கிடந்தது, அதுவும் 1.06-இல் எடுத்ததுதான். போட்டதும் பட்டென்று திறந்துகொண்டது. அதில் 12 மணி நேரம் விளையாடியிருந்தான். நான் அழித்ததில் 74.

ஆக, நம்பர் விஷயம் இதுதான். புது வெர்ஷனில் எழுதிய சேவ் கோப்பைப் பழைய வெர்ஷன் பல சமயம் படிக்காது, அதையும் "வெர்ஷன் பழசு" என்று ஒழுங்காகச் சொல்லாமல் சேவ் கெட்டுவிட்டது என்று சொல்லும் கேம்கள் உண்டு. பிஎஸ்3-இல் அப்டேட்டுகள் பெரும்பாலும் படிப்படியானவை, நடுவில் ஒன்று இல்லாவிட்டால் மேலே ஏறாது, அதனால் எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும். நீங்கள் அப்டேட்டுகளைப் பிகேஜி கோப்புகளாக (பிஎஸ்3 அப்டேட் வரும் கோப்பு வடிவம்) சேர்த்துவைப்பவர் என்றால் கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். ஏ0104, வி0100 என்று அதில் வருமே, ஏ என்பது அப்டேட்டின் வெர்ஷன், வி என்பது டிஸ்க்கின் வெர்ஷன். பெயரை மாற்றித் தொலைத்திருந்தால் உள்ளே இருக்கும் பாரம்.எஸ்எஃப்ஓ (PARAM.SFO) என்ற விவரக் கோப்பைத் திறந்து பார்க்கலாம். அதைவிட முக்கியம் தலைப்பு எண், அதாவது கேமின் ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ள அடையாள எண். இங்கே கடையில் கிடைப்பது பிஎல்இஎஸ் என்று தொடங்கும் ஐரோப்பிய டிஸ்க், மச்சான் நியூ ஜெர்சியிலிருந்து கொண்டுவந்தது பிஎல்யுஎஸ். அதே கேம், அதே அட்டைப்படம், ஆனால் ஒன்றின் அப்டேட் இன்னொன்றில் ஏறாது.

பிஎஸ்4-இல் இவ்வளவு பாடு இல்லை, கடைசி அப்டேட்டுக்குள் முந்தையவை எல்லாம் அடங்கிவிடும். நின்டெண்டோ ஸ்விட்ச் என்றால் அப்டேட்டின் தலைப்பு எண் 800 என்று முடியும், மூல கேமின் எண் 000 என்று முடியும். உள்ளே வெர்ஷன் 65536, 131072 என்று வருவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், 65536-ஆல் வகுத்தால் எத்தனையாவது அப்டேட் என்று வந்துவிடும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஸ்விட்சிலிருந்து நெட் இல்லாமலே கேம் அப்டேட்டை வாங்கிக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு, எங்கள் ஊர் மாதிரி இடத்துக்கு அது பெரிய உபகாரம்.

பேக்கப் என்றாலே திருட்டு என்று கீழே கமென்டில் ஒருவர் வருவார், தெரியும். ஐயா, டிஸ்க் எல்லாம் நான் ராண்ட் எண்ணிக் கொடுத்து வாங்கியது, பில் வரைக்கும் இருக்கிறது. சொந்த சேவ் கோப்பைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு.

இன்னொரு கூட்டமும் உண்டு. இந்தக் கதையைத் திருநெல்வேலியில் சொன்னபோது சித்தப்பா கேட்டார், "ஆப்பிரிக்காவுல நெட் எல்லாம் இருக்காடே?" என்று. சிங்கம் தெருவில் வருமா என்று கேட்டதும் அவர்தான். நானூறு பேர் செத்த வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது ஒவ்வொரு டிஸ்க் பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: தலைப்பு எண், வெர்ஷன், சேவ் எடுத்த தேதி. எழுதுவது பையன். பென்டிரைவ் இருக்கும் டிராயரின் சாவியும் அவனிடம்தான்.