பாட்டி நோட்டில் நாழி, மும்பை அடுப்பில் மில்லிலிட்டர்

மழை பிடித்ததும் கஷாயக் கேள்விகளும் வரிசைகட்டிவிட்டன. இந்த வாரத்துக்குச் சில.

தாராவி வாசகி: மாமியார் திருநெல்வேலியிலிருந்து அனுப்பிய நிலவேம்புக் குடிநீர்ச் சூரணத்தைக் காலையில் காய்ச்சி, பிளாஸ்கில் ஊற்றி ராத்திரி வரை குடிக்கிறோம். சரியா?

சரியில்லை. குடிநீருக்கு ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். இது சித்த மருத்துவத்தின் பழைய கணக்கு. வேளைக்கு வேளை காய்ச்சுங்கள். பெரியவர் ஒருவருக்கு 5 கிராம் சூரணம், 200 மி.லி. தண்ணீர்; சிறு தீயில் 50 மி.லி. ஆகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். சூரணத்தை மிக்ஸியில் மாவாக்க வேண்டாம், களியாகி வடியாது. ஒன்றிரண்டாக இடித்ததுதான் பக்குவம்.

சூரணம் தீர்ந்தால் இங்கே கடையில் ‘சிராய்தா’ என்று ஒன்றைத் தருவார்கள். அது இமயமலைப் பக்கத்துச் செடி, கசப்பு மட்டும்தான் பொது. நிலவேம்புக்கு இந்தியில் காலமேக். அதை வாங்கினாலும் அது ஒரு சரக்குதான். குடிநீரில் வெட்டிவேர், பற்பாடகம், சுக்கு, மிளகு என்று மொத்தம் 9 உண்டு.

அப்புறம், இந்த ஊர் மழைக்காலக் காய்ச்சல் மலேரியாவாகவும் இருக்கும், டெங்குவாகவும் இருக்கும், எலிக்காய்ச்சலாகவும் இருக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை.

முலுண்ட் வாசகர்: எங்கள் சொசைட்டி மரத்தில் சீந்தில் படர்ந்திருக்கிறது. எதிர்ப்புச் சக்திக்குத் தினமும் சாறு குடிக்கலாமா?

வேண்டாம். சீந்தில் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதித்ததை 2021-ல் மும்பை மருத்துவர்கள் ஆய்விதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகமோ, அது சீந்திலே அல்ல, அதே இனத்து வேறு கொடியாக இருக்கலாம் என்றது. யார் சொன்னது சரியென்றாலும், உங்கள் மரத்தில் ஏறியிருப்பது எது என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே!

செம்பூர் வாசகி: பாட்டியின் நோட்டில் ‘தூதுவளை அரைப் பலம், நாழி நீர் விட்டு உழக்காக வற்றவை’ என்று இருக்கிறது. எவ்வளவு?

பலம் 35 கிராம். நாழி சுமார் 1.3 லிட்டர், உழக்கு 336 மி.லி. உழக்கின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் விகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நாலில் ஒன்றாக வற்ற வேண்டும், அவ்வளவுதான். பாட்டி கூட்டுக் குடும்பத்துக்கே காய்ச்சியிருப்பார். ஓர் ஆளுக்கு 60 மி.லி.யைத் தாண்ட வேண்டாம். முள்ளை ஆய்ந்துவிடுங்கள்.

8 மாதக் குழந்தைக்கு வசம்பைத் தேனில் உரைத்துத் தரலாமா?

இரண்டுமே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

பிபி மாத்திரை சாப்பிடும் அப்பா, தொண்டைக்காக நாள் முழுக்க அதிமதுரம் மெல்கிறார்.

நிறுத்தச் சொல்லுங்கள். அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, பிபியை ஏற்றும். இங்கே முலேத்தி என்ற பெயரில் விற்பதும் இதேதான். தொண்டைக்கு வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் கொப்பளிக்கட்டும். விழுங்காமல் துப்பவும் சொல்லுங்கள்.