மூன்று இடத்துச் சம்பளம்: எதை நம்பிக் குடும்பம் நடத்துவது?

கேள்வி: அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவள். வயது 34. நான் வேலை பார்க்கும் ஆய்வுத் திட்டம் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது. கல்லூரியில் பகுதிநேரமாக இரண்டு பாடம் எடுக்கிறேன். வாக்காளர் உரிமைக்காக இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு அறிக்கைகள் எழுதித் தருகிறேன். வரி போகக் கைக்கு வருவது மாதம் 100 என்றால் ஆய்வில் 55, கல்லூரியில் 25, தொண்டு நிறுவனத்தில் 20. செலவு 60. கல்விக் கடன் சென்ற ஆண்டுதான் தீர்ந்தது. ஏழு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. ஓய்வுக்காலத்துக்கு எதுவும் இல்லை. அதே தொண்டு நிறுவனம் இப்போது 75 சம்பளத்தில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு முழுநேரமாக அழைக்கிறது. போனால் கல்லூரிப் பக்கம் திரும்பவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரு விவரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் ஆய்வுக்குப் பணம் தரும் அறக்கட்டளையும் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளையும் ஒன்றுதானா?

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மூன்று வருமானம் இருப்பதாலேயே பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆய்வு மட்டும் நின்றால் உங்களிடம் மாதம் 45 மிஞ்சும்; துண்டு விழுவது 15. கையில் இருக்கும் 420 அந்தக் குறையை 28 மாதம் தாங்கும். ஆய்வும் தொண்டு நிறுவனமும் ஒன்றாக நின்றால் கல்லூரி தரும் 25 மட்டுமே. மாதம் 35 குறையும், 12 மாதத்தில் சேமிப்பு கரைந்துவிடும். விடுமுறையில் கல்லூரி சம்பளம் தராது என்றால் அதற்கும் முன்பே. வெவ்வேறு குழாயில் வந்தாலும் தொட்டி ஒன்றுதான் என்றால், அதை ஒரே வருமானமாகத்தான் எண்ண வேண்டும்.

அடுத்தது நேரம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வகுப்பிலும் 60 பேர் வீதம் இருந்து, ஒரு விடைத்தாளுக்குக் கால் மணி நேரம் ஆனால், ஒரு தேர்வுக்குத் திருத்தம் மட்டும் 30 மணி நேரம். பாடம் தயாரிப்பது தனி. இதற்கெல்லாம் தனியாக யாரும் பணம் தருவதில்லை. மூன்று வேலைக்குமாக வாரம் 60 மணி நேரம் போகிறதென்றால், 40 மணி நேரத்துக்கு 75 என்பது மணிக்கணக்கில் உங்கள் இன்றைய வருமானத்தைவிட அதிகம்.

இது புதிய கஷ்டமும் இல்லை. 1917-இல் மியூனிக்கில் மாணவர்களிடம் பேசிய ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர், ஆய்வை வாழ்க்கையாக எடுத்துக்கொள்வதன் பணக் கணக்கிலிருந்துதான் தொடங்கினார். அன்றைய ஜெர்மனியில் பல்கலைக்கழகத்துக்குள் புதிதாக நுழைந்த ஆசிரியருக்குச் சம்பளமே கிடையாது. மாணவர் கட்டும் பாடக் கட்டணம்தான். சொத்து இல்லாதவருக்கு அது துணிச்சலான பந்தயம் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உங்கள் ஓய்வுக்காலம். ஆய்வு உதவித்தொகையைப் பல இடங்களில் சம்பளமாகக் கருதுவதில்லை. அதனால் ஓய்வூதியப் பிடித்தமும் இருக்காது. பணவீக்கம் போக ஆண்டுக்கு 4 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 34 வயதில் தொடங்கி 60 வரை மாதாமாதம் போடும் பணம், 44-இல் தொடங்கி அதே தொகையைப் போட்டால் சேர்வதைப்போல் இரண்டு மடங்காகும். புதிய வேலையில் செலவு போக 15 மிஞ்சுமே, அதில் 10-ஐ முதல் மாதத்திலிருந்தே இதற்கு ஒதுக்குங்கள்.

நிறுவனமும் தன் பங்கைப் போடுமா, எத்தனை ஆண்டு இருந்தால் அந்தப் பங்கு உங்களுடையதாகும் என்று கேளுங்கள். மூன்றாண்டு என்றால் உங்கள் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அது கைக்கு வராது. சம்பளத்தைச் சற்றுக் கூட்டிக் கேட்க அதுவே நியாயமான காரணம். அமெரிக்காவில் 1918-இல் டிஐஏஏ என்ற ஓய்வூதிய நிறுவனத்தைக் கல்லூரி ஆசிரியர்களுக்காகத் தொடங்கியபோது, ஒருவர் கல்லூரி மாறினாலும் அவர் பணம் அவர் கூடவே போகும்படி அமைத்தார்கள். உங்களைப் போல இடம் மாறிக்கொண்டே இருப்பவர் தேட வேண்டியது அந்த மாதிரிக் கணக்கைத்தான்.

கல்லூரிக்குத் திரும்பும் வழி அடைபடாமல் இருக்க, ஒப்பந்தத்திலேயே இரண்டு விஷயங்களை எழுதி வாங்குங்கள்: ஒரு பாடம் தொடர்ந்து நடத்த அனுமதி, அங்கே செய்யும் ஆய்வை உங்கள் பெயரில் கட்டுரையாக வெளியிடும் உரிமை. வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை உங்களை வேலைக்கு எடுக்கும் குழு கேட்கப்போவது கட்டுரைப் பட்டியலை. சம்பளத்தில் சிறிது விட்டுக்கொடுத்தாவது இந்த உரிமையை வாங்குவது சரி.

அறக்கட்டளை ஒன்றேதான் என்று தெரியவந்தால், தொண்டு நிறுவனத்தின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வரவில் பாதிக்கு மேல் அந்த ஒருவரிடமிருந்து வந்து, கையிருப்பு ஆறு மாதச் செலவுக்குக் கூட இல்லை என்றால், இரண்டு பாடத்தையும் விடாமல் அரைநேர வேலையாகக் கேளுங்கள்.