ஆஷ்காஷுக்குப் பறந்து போகலாமா?

வாசகர் கேள்விகளும் விமானியின் பதில்களும்

கேள்வி: நான் டாலஸில் வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 180 மணி நேரம் பறந்திருக்கிறேன். ஜூலை இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் நடக்கும் ஏர்வென்ச்சர் விமானத் திருவிழாவுக்கு, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172 விமானத்தில் மனைவியுடன் ஒரே நாளில் போய்ச் சேர முடியுமா? அங்கே இறங்கும்போது இருக்கும் நெரிசலை நினைத்தால்தான் அச்சமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: தூரத்தை மட்டும் பார்த்தால் முடியும். எண்ணூறு கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் ஏறத்தாழ ஏழு மணி நேரப் பயணம், நடுவில் எரிபொருளுக்காக இரண்டு இறக்கம். ஆனால் "ஒரே நாளில்" என்பதை மனத்திலிருந்து எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். நீங்கள் அஞ்ச வேண்டியது கடைசிப் பதினைந்து மைல் நெரிசலுக்கு அல்ல, இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்துக்குத்தான்.

ஜூலை மாதப் பிற்பகல்களில் மிசூரி, அயோவா பகுதிகளில் இடிமேகங்கள் எழுவது வழக்கம். ஆகவே விடியலிலேயே கிளம்பி, நண்பகலுக்குள் அன்றைய தூரத்தில் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். கையிலுள்ள டேப்லெட்டில் தெரியும் ரேடார் படத்தை நம்பி மேகங்களுக்கு இடையே வழி தேடவே கூடாது. திரையில் "சில நிமிடங்களுக்கு முந்தையது" என்று காட்டும் படம், உண்மையில் அதைவிடப் பதினைந்து, இருபது நிமிடம் பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இலேயே எச்சரித்திருக்கிறது. கடும் இடிமேகத்திலிருந்து இருபது மைலாவது விலகியே இருங்கள்.

நான் முதன்முறை போனபோது அயோவாவில் ஒரு சிற்றூர் விமான நிலையத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. கிழக்கே வானம் தெளிவாக இருப்பது போலத் தோன்றியதால், புறப்பட்டுவிடலாம் என்று மூன்று முறை விமானம் வரை நடந்துபோய்த் திரும்பினேன். அலுவலகச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு பழைய காரின் சாவி தொங்கியது. வந்திறங்கும் விமானிகள் யாராயினும் அந்தக் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிடலாம், திரும்பும்போது பெட்ரோல் போட்டுவிட்டுச் சாவியை அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பதே அங்கே விதி. அமெரிக்கச் சிற்றூர்களின் இந்த விருந்தோம்பலை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மூன்றாம் நாள் காலையில் மேகமற்ற வானில் கிளம்பினேன். திருவிழாவில் ஒரு நாள் போயிற்று, அவ்வளவுதான். நீங்கள் எடுப்பது வாடகை விமானம் என்பதால், வானிலை காரணமாக இரண்டு மூன்று நாள் தாமதமானால் என்ன ஏற்பாடு என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். அந்தக் கவலையாலேயே மேகத்துக்குள் நுழைந்தவர்கள் உண்டு.

இனி நெரிசல். ஒவ்வோர் ஆண்டும் விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்த விழாவுக்கென்றே ஓர் அறிவிப்பு வெளியிடுகிறது; அவ்வாண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படித்து, அச்சிட்டு மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் என்ற சிற்றூர் வரை ரயில் தண்டவாளத்தைப் பின்பற்றி, முன்னே போகும் விமானத்துக்கு அரை மைல் பின்னால், 1,800 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில் ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். வானொலியில் கேட்கலாமே தவிரப் பேசக் கூடாது. ஃபிஸ்க்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டாளர் அண்ணாந்து பார்த்து, "வெள்ளை நிறச் செஸ்னா, இறக்கையை ஆட்டுங்கள்" என்பார். நீங்கள் வாய் திறக்காமல், தரையிலிருந்து நன்றாகத் தெரியும்படி இறக்கைகளை இருபுறமும் சாய்த்தால் அதுவே பதில். பிறகு எந்த ஓடுபாதை என்று சொல்வார். ஓடுபாதையில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரையப்பட்டிருக்கும். பச்சைப் புள்ளி என்றால் பச்சைப் புள்ளியில்தான் சக்கரம் பட வேண்டும், ஏனெனில் அதே ஓடுபாதையில் இன்னொரு புள்ளியை நோக்கி மற்றொருவர் இறங்கிக்கொண்டிருப்பார்.

இதற்கு வேண்டிய திறமை இரண்டே: உயரமும் வேகமும் மாறாமல் 90 நாட்டில் பறப்பது, குறித்த இடத்தில் இறங்குவது. இரண்டையும் டாலஸிலேயே ஒரு மாதம் பழகுங்கள், முடிந்தால் பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு. வரிசை நிறைந்தால் ஏரிகளைச் சுற்றிக் காத்திருக்கச் சொல்வார்கள். எனவே கடைசி எரிபொருள் நிறுத்தத்தை ஆஷ்காஷுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். கூடாரமும் பாத்திரங்களும் ஏறும்போது எடைக்கணக்கை மறந்துவிடாதீர்கள்; பெட்ரோல் ஒரு கேலன் ஆறு பவுண்டு.

கேள்வி: இவ்வளவு பெரிய விழா ஏன் ஒரு சிறு நகரத்தில் நடக்கிறது?
- ஒரு மாணவி, சிகாகோ

பதில்: 1953இல் மில்வாக்கியில் பால் போபரெஸ்னி, வீட்டிலேயே விமானம் கட்டுபவர்களுக்காகப் பரிசோதனை விமானச் சங்கத்தைத் தொடங்கினார். கூட்டம் பெருகவே அச்சங்கத்தின் இந்த விழா 1959இல் இல்லினாயின் ராக்ஃபோர்டுக்கும், 1970இல் ஆஷ்காஷுக்கும் மாறியது. அங்கே நீண்ட ஓடுபாதைகளும் சுற்றிலும் வெற்று நிலமும் இருந்தன. அந்த விமான நிலையத்தை 1931 முதல் 1969 வரை நிர்வகித்த பந்தய விமானி ஸ்டீவ் விட்மனின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கிறது.

கேள்வி: மிச்சிகன் மாநிலத்திலிருந்து வருகிறேன். மிச்சிகன் ஏரியை நேரே கடந்தால் நேரம் மிச்சமாகுமே?
- ஒரு வாசகர், கிராண்ட் ரேப்பிட்ஸ்

பதில்: ஒற்றை எஞ்சின் விமானத்தில் நான் கடக்க மாட்டேன். கிழக்குக் கரையிலுள்ள லடிங்டனுக்கும் மேற்குக் கரையிலுள்ள மானிடவாக்குக்கும் இடையே ஐம்பது கடல் மைலுக்கு மேல் தண்ணீர். 9,500 அடியில் எஞ்சின் நின்றால் செஸ்னா 172 விமானம் காற்றில் சறுக்கிச் செல்வது ஏறத்தாழ பதின்மூன்று மைல்தான். நடுவில் இருபத்தைந்து மைல், எந்தக் கரையையும் எட்ட முடியாத பகுதி. கோடையிலும் அந்த நீர் குளிர்ந்திருக்கும். தெற்கே வளைந்து சிகாகோ கரையோரமாக வாருங்கள். கூடுதலாகும் நேரத்துக்கு ஈடாக, இடப்புறச் சன்னலில் அந்த நகரத்தின் கோபுரங்கள் முழுவதும் தெரியும்.