லாரியைப் பார்த்ததும் ஊரே ஓடி வருகிறதே!

(ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் பதில் சொல்கிறார்)

கேள்வி: வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில் இளைஞர் மன்றம் நடத்துகிறோம். கஜா புயலின்போது வெளியூர் நண்பர்கள் ஒரு லாரி நிறைய அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி அனுப்பினார்கள். கோயில் வாசலில் லாரியை நிறுத்தியதுதான் தெரியும், கூட்டம் மேலே ஏறிவிட்டது. பத்து நிமிஷத்தில் எல்லாம் காலி. ஒரு பாட்டிக்குக் கை முறிந்தது. இனி இப்படி ஒரு நிலைமை வந்தால் எப்படிச் சமாளிப்பது? போலீஸைக் கூப்பிட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், நாகை மாவட்டம்

பதில்: லாரியை நேராகக் கூட்டத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினீர்களே, அங்கேதான் கோளாறு. வருத்தப்படாதீர்கள், நானும் செய்திருக்கிறேன். சுனாமி முடிந்து இரண்டாவது வாரம். அப்போது நான் கிராம நிர்வாக அலுவலர். ஒரு வேன் நிறைய பால்பவுடரும் ரொட்டியும் வந்தன. வேனின் மேலே ஏறி நின்றுகொண்டு வீச ஆரம்பித்தேன். கூட்டம் கலைந்தபோது என் செருப்பில் ஒன்றைக் காணோம். வாட்டசாட்டமான ஆட்கள் ஆளுக்கு நாலு டப்பா வைத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணின் கையில் டப்பாவின் மூடி மட்டும் இருந்தது. அதற்கப்புறம் நான் எதையும் வீசியதில்லை.

நிவாரணக் கூட்டம் என்றாலே ‘பறக்காவெட்டிகள்’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அதே ஜனங்கள்தான் கல்யாணப் பந்தியில் இடம் கிடைக்கும்வரை பொறுமையாக நிற்கிறார்கள். சாப்பாடு உண்டு என்று தெரியும், நிற்கிறார்கள். லாரியைப் பார்த்தால், நம் முறை வரும்வரை பொருள் மிஞ்சுமா என்று தெரியாது, ஓடுகிறார்கள். இந்தச் சந்தேகத்தை முதல் நாளே தீர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சென்னை எம்.ஜி.ஆர். நகரில் நடந்ததை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2005 டிசம்பர் 18. வெள்ள நிவாரண டோக்கன் வாங்க ஒரு பள்ளிக்கூடத்தின் முன் விடியும் முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் கூடிவிட்டார்கள். அன்றைக்குத்தான் கடைசி நாள் என்று ஒரு புரளி. மழை வேறு. நெரிசலில் 42 பேர் போய்விட்டார்கள். அதற்கு ஆறு வாரம் முன்னால்தான் வியாசர்பாடியில், இதே மாதிரி நிவாரணக் கூட்டத்தில் 6 பேர் இறந்திருந்தார்கள். எம்.ஜி.ஆர். நகரில் அன்றைக்கு அரிசியோ பணமோ கையில் தருவதாகக்கூட இல்லை, வெறும் டோக்கன். அதாவது டோக்கன் இருந்தால் மட்டும் போதாது, அதை எங்கே வைத்துக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2023 மிக்ஜாம் புயலுக்கு 6,000 ரூபாய் கொடுத்தபோது ரேஷன் கடைக்காரர்கள் வீடுவீடாகப் போய் டோக்கன் கொடுத்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது.

நீங்களும் அப்படியே செய்யலாம். பொருளை ராத்திரியில் சத்தமில்லாமல் ஒரு கட்டடத்தில் இறக்கிப் பூட்டிவிட்டு, லாரியை ஊரைவிட்டு அனுப்பிவிடுங்கள். எண்ணிக்கை தெரிந்த பிறகு டோக்கன் எழுதுங்கள். 300 மூட்டை இருந்தால் 300 டோக்கன், ஒன்றுகூட அதிகம் வேண்டாம். தெரு வாரியாக நேரம் போடுங்கள். மேலத்தெரு ஒன்பது மணி, காலனி பத்து மணி, மீனவர் தெரு பதினொரு மணி. (காலனியைக் கடைசியில் போடாதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.) ஒரு மணி நேரத்துக்கு ஐம்பது குடும்பத்துக்கு மேல் கூப்பிட வேண்டாம்.

பொருள் குறைவாக இருந்தால் அதை மறைக்காதீர்கள். கஜா சமயத்தில் என் பொறுப்பில் இருந்த ஒரு கிராமத்துக்குத் தார்ப்பாய் 200 வந்தது. குடும்பங்களோ 340. ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு எண்ணிக்கையை அப்படியே சொன்னேன். அரை மணி நேரம் சத்தம் போட்டார்கள், போடட்டும். கடைசியில் அவர்களே கூரை முழுசாகப் போன வீடுகள் முதலில், ஓடு மட்டும் சரிந்த வீடுகள் அடுத்த லோடில் என்று முடிவு கட்டினார்கள். பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினோம்.

மறுநாள் காலையில் பட்டியலில் இல்லாதவர்களும் வந்து நின்றார்கள். முன்வரிசை மெல்ல மெல்ல மேசையை நெருங்கியது. எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் தலையாரி எந்தப் பதற்றமும் இல்லாமல் மைக்கை வாங்கி, “எல்லாரும் அப்படியே உட்காருங்க. பந்தியில உட்கார்ற மாதிரி, வரிசையா” என்றார். முதலில் கிழவிகள் உட்கார்ந்தார்கள். அப்புறம் எல்லோரும். வரிசைக்கு வரிசை ஆள் நடக்க இடைவெளி விட்டு, ஒரு வரிசை எழுந்து போய் வாங்கி, பின்பக்க வாசல் வழியாக வெளியேறிய பிறகுதான் அடுத்த வரிசை. உட்கார்ந்திருக்கும் கூட்டத்தால் முண்ட முடியாது! முப்பது வருஷ சர்வீஸில் எனக்குத் தோன்றாத யோசனை. நாங்கள் கொண்டுவந்த சவுக்குக் கம்பும் கயிறும் ஓரமாகவே கிடந்தன.

நெரிசலில் செத்தவர்களை ‘மிதிபட்டு’ என்று செய்தியில் போடுகிறோம். பெரும்பாலும் நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி மூச்சுவிட முடியாமல்தான் போகிறார்கள். ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடத்தில் எட்டு, ஒன்பது பேர் நிற்கிறார்கள் என்றால் ஆபத்து ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பின்னால் தள்ளுகிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அதனால் வழி இரண்டு வேண்டும். வந்த வழியாகவே திரும்பச் சொன்னால், மூட்டையோடு வருகிறவரும் வெறுங்கையோடு போகிறவரும் முட்டிக்கொள்வார்கள். மூடிய கேட்டுக்கு வெளியே கூட்டத்தைக் காக்க வைத்துவிட்டுத் திடீரென்று திறக்காதீர்கள்.

போலீஸ்? ஸ்டேஷனுக்குக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு கான்ஸ்டபிள் வந்தால் போதும். அவர்களைப் பொருளுக்குப் பக்கத்தில் நிறுத்துவது நம் ஊர் வழக்கம். நான் வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவேன். கூட்டம் சேருவது அங்கேதானே? லத்தியை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னால் சிலர் முறைப்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பெண்களிடம் மட்டும் கொடுத்தால் தள்ளுமுள்ளு குறையும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: ஹைதி நாட்டில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் இதைச் செய்தது. தலைநகர் போர்ட்டோ பிரின்ஸில் 16 இடங்கள், கையில் கூப்பன், வரிசையில் பெண்கள் மட்டும், ஆளுக்கு 25 கிலோ அரிசி. அதற்கு முன்பு பலசாலிகளே முண்டியடித்து வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாங்கினால் அரிசி அடுப்புக்குப் போய்ச் சேரும் என்ற கணக்கும் உண்டு.

ஆனால் 25 கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாக எவ்வளவு தூரம் நடப்பார்? தெருமுனையில் பிடுங்கிக்கொள்ள ஆள் நின்றால்? வாங்கும் இடத்தைவிட வாங்கிவிட்டுப் போகும் வழிக்குத்தான் காவல் வேண்டும். மூட்டையைப் பத்துப் பத்துக் கிலோவாகப் பிரியுங்கள், இருட்டும் முன் முடியுங்கள், ஐந்தாறு பேராகச் சேர்த்து அனுப்புங்கள். மனைவியை இழந்து பிள்ளைகளோடு இருக்கும் ஆண்களை விட்டுவிடவும் கூடாது. ‘பெண்களுக்கு மட்டும்’ என்று போர்டு வைத்த ஒரு இடத்தில் அப்படி ஒருவர் வாசலிலேயே திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வாங்கியவரே மறுபடி வந்து வரிசையில் நிற்கிறார். என்ன செய்ய?
– ஒரு வாசகர், சீர்காழி

பதில்: குடும்ப அட்டை நகலில் ஒரு டிக், விரலில் தேர்தல் மை மாதிரி ஏதாவது ஒன்று. அதையும் மீறி இரண்டு பேர் ஏமாற்றினால் ஏமாற்றட்டும். அவரை வரிசையில் வைத்துச் சண்டை பிடித்தீர்கள் என்றால் மற்ற 298 பேரும் எழுந்துவிடுவார்கள்.

கேள்வி: எல்லோருக்கும் கொடுத்த பிறகு கொஞ்சம் மீந்துவிட்டது. மைக்கில் அறிவித்துக் கொடுத்துவிடலாமா?
– அதே சீர்காழி வாசகர்

பதில்: ஐயோ, வேண்டாம்! கலைந்த கூட்டம் மறுபடி ஓடி வரும், இந்தத் தடவை டோக்கனும் இருக்காது, வரிசையும் இருக்காது. எங்களுக்கு ஒருமுறை 12 மூட்டை அரிசி மீந்தது. யாரிடமும் வாய் திறக்காமல் இருட்டிய பிறகு டிராக்டரில் ஏற்றிப்போய், முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தின் சத்துணவு அமைப்பாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். அந்த அம்மா ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.